வீரபாகுவின் முகம் எது?

அக்கிராசனம் வகிக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் காளியண்ணன் அவர்களே! எனக்கு முன் பேசி அமர்ந்த வக்கீல் குமாரசாமி அவர்களே! வாசகசாலைக் கொட்டகைக்குள் இடம் போதாமல் வீதியில் வெயிலில் நிற்கும் குமாரபாளையத்துச் சகோதர சகோதரிகளே! தறியை நிறுத்திவிட்டு, கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். மேடைக்கு வலப்பக்கம் ஒருவரும் இடப்பக்கம் ஒருவருமாக, ஒருவரையொருவர் பார்க்காமல் பென்சிலும் கையுமாக அமர்ந்திருக்கும் பத்திரிகை நிருபர்களே! உங்களுக்கும் என் வணக்கம். இன்று நான் பேசப் போவதில் பாதி உங்களுக்காகத்தான்.

நான் மேடைப் பேச்சு அறியாதவள். இந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் சாரதாமணி. மறைந்த தெய்வநாயகி அம்மையாருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் என்ற ஒரே உரிமையில் இங்கே நிற்கிறேன்.

வக்கீல் ஐயா ஒரு வார்த்தை சொன்னார். "பத்திரிகைகள் கட்சிக்குத் தக்கபடி செய்தியைத் திரிக்கின்றன என்பது வெறும் பிரமை. தன் கட்சியைப் புகழ்ந்தால் செய்தி என்கிறான், குறை சொன்னால் பாரபட்சம் என்கிறான். குற்றம் பத்திரிகையில் இல்லை, படிப்பவன் கண்ணில் இருக்கிறது" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். பலரைப் பற்றி அது உண்மைதான். ஆனால் எந்தக் கட்சியும் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி என்ன சொல்வது? தெய்வநாயகி அம்மையாருக்குக் கட்சி இருந்ததா? கொடி இருந்ததா? அவருக்கு ஒரு புருஷன்தான் இருந்தார். அவரை இரண்டு பத்திரிகைகள் ஆளுக்கொரு பக்கமாக எடுத்துக்கொண்டு போய்விட்டன!

இளைஞர்களுக்குத் தெரியாது; ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். அன்று சந்தை நாள். ஆற்றுக்குப் போகும் பாதையில் இருந்த கள்ளுக்கடை முன்பு தொண்டர்கள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். போலீஸாரும் இருந்தார்கள். கடைக்காரனின் ஆட்களும் தடியோடு இருந்தார்கள். அந்த வழியாக வீரபாகு என்ற நெசவாளி, முதலாளி கடையில் வாங்கிய நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மறியலுக்கும் அவர் போகவில்லை, கள்ளுக்கும் போகவில்லை. வீட்டுக்குப் போகும் வழி அதுதான், அவ்வளவே. கூச்சல் எழுந்தது. அடி விழுந்தது. அவர் சாக்கடையோரம் மண்டை உடைந்து விழுந்தார். அடித்த தடி யாருடையது? இன்று வரை தெரியாது. தெரிந்ததாக அம்மையாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். தெய்வநாயகி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். இடுப்பில் பால் குடிக்கும் பிள்ளை ராசாத்தி. வீரபாகு கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நூலு நனைஞ்சிருச்சா நாயகி? மொதலாளி நூலு. எடுத்துக் காயப்போடு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

சேலத்திலிருந்து அன்று இரண்டு பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. 'நல்லாட்சி' அப்போதைய சர்க்கார் பக்கம். 'நாட்டொலி' சர்க்காரை எதிர்த்த பக்கம். இரண்டும் அந்த வாரம் இந்தச் செய்தியைப் போட்டன.

'நல்லாட்சி' எழுதியது: "கள்ளுக்கடை அருகே குடிவெறியர்களுக்குள் கைகலப்பு. வீரபாகு என்னும் நெசவாளி போதையில் கால் இடறிச் சாக்கடையில் விழுந்து மாண்டான். போலீஸார் மிகுந்த பொறுமையுடன் நடந்துகொண்டனர்."

'நாட்டொலி' எழுதியது: "தேசத்தொண்டர் வீரபாகு, கொடியை மார்போடு அணைத்தபடி, தாய்நாட்டை வாழ்த்தி முழங்கியவாறே உயிர்த்தியாகம் செய்தார்."

கொடியாம்! நூல் மூட்டை கொடியாகிவிட்டது! ஒரு துளி கள் நாக்கில் படாதவர் குடிகாரர் ஆகிவிட்டார்! ஒரே மனிதர், ஒரே சாவு. ஐயா, இதுவா படிப்பவன் கண்ணின் பிரமை? அன்று அந்த அம்மாளுக்குப் படிக்கவே தெரியாதே!

கருமாதி முடிந்ததும் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்ககிரி வரை வண்டியில் போய், ரயிலேறிச் சேலம் சேர்ந்தார். முதலில் 'நல்லாட்சி' ஆபீஸ். அங்கிருந்த பத்திராதிபர் மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார், மோர் கொடுத்தார். "போலீஸ் அறிக்கையில் இருந்ததைத்தான் அம்மா போட்டோம். நாங்களாக ஓர் எழுத்துச் சேர்க்கவில்லை" என்றார்.

"அவரு குடிக்க மாட்டாருங்க சாமி."

"உங்களுக்குத் தெரியாமல் குடித்திருக்கலாமே?"

தெய்வநாயகி மோர்க் குவளையைக் கீழே வைத்தார். எழுந்து வந்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவரோடு கூடவே வந்துவிட்டது. பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்: "ஊட்டுக்கு வந்து அவரு பழைய துணிய எடுத்து மோந்து பாத்தனுங்க, வாத்தியாரம்மா. ஒருவேள குடிச்சிருப்பாரோன்னு. எம் புருசன நானே மோந்து பாத்தனுங்க." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அவர் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து 'நாட்டொலி' ஆபீஸ். அதன் ஆசிரியர் அருணகிரி இன்று உயிரோடு இல்லை. அவரைப் பற்றி இந்த மேடையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சிறைக்குப் போய் உடம்பு கெட்டுச் செத்தவர். அன்று தெய்வநாயகியைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார், கண்ணீர் விட்டார். நடிப்பல்ல, நிஜமான கண்ணீர். அவரிடம் அம்மையார் நூல் மூட்டையைப் பற்றிச் சொன்னார். அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இதைத் திருத்திப் போட்டால் சிரிப்பது யார் தெரியுமா? அந்தப் பக்கத்தான். உங்கள் கணவர் இனி உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை, தேசத்துக்குச் சொந்தம்" என்றார்.

தெய்வநாயகி சொன்ன பதிலைக் கேளுங்கள்: "தேசத்துக்குக் குடுங்க சாமி, வேண்டாங்கல. அவர அவராவே குடுங்க."

இதைக் கேட்டும் அந்த நல்ல மனிதர் திருத்தம் போடவில்லை! பொய்யராக இருந்தால் ஒருவேளை போட்டிருப்பார். அவர் தம் கட்சியை அத்தனை நேசித்தார். அந்த நேசம் அவர் கையைக் கட்டிவிட்டது.

ஊர் திரும்பிய மறுவாரம், அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த என்னைத் தேடி அம்மையார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பகலெல்லாம் தறிக்காரர்களுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்து விரலெல்லாம் வெடித்திருந்தது. "படிக்கோணுங்க" என்றார். பலகையில் 'அ' எழுதினேன். தலையை ஆட்டினார். "அதெல்லாம் அப்பறமுங்க. 'குடி'ங்கறது எப்படி இருக்கும்? அதக் காட்டுங்க மொதல்ல." எழுதிக் காட்டினேன். அந்த இரண்டு எழுத்தையும் அவர் பார்த்த பார்வை! வீட்டுக்குள் புகுந்த திருடனை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் பத்திரிகை படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அவர் படிக்கக் கற்ற அதே சமயத்தில்தான் முதல் நினைவு நாள் வந்தது. 'நாட்டொலி' வீரபாகுவின் படத்தை முழுப்பக்கம் போட்டது. எந்தப் படத்தை? வீரபாகு ஆயுளில் போட்டோ எடுத்துக்கொண்டவர் அல்லர். பட்டணத்துச் சித்திரக்காரர் ஒருவர் மனதுக்குத் தோன்றியபடி வரைந்தது அது. தலைப்பாகை, முறுக்கு மீசை, வானத்தைப் பார்க்கும் பெரிய கண்கள். வீரபாகு மீசையே வைத்ததில்லை! ஆனால் படம் நன்றாக இருந்தது, சகோதரர்களே. நாமெல்லாம் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டினோம்; அம்மையார் வீட்டுச் சுவரிலும் நாமே ஒன்றை மாட்டினோம். வருஷா வருஷம் அந்தப் படத்தைப் பல்லக்கில் வைத்து இந்த வீதி வழியாகக் கொண்டு போனோம். தம் வீட்டைக் கடக்கும்போது அம்மையார் கதவருகே நின்று கும்பிடுவார். புருஷனைக் கும்பிடுகிறார் என்று ஊரே நினைத்தது. "ஆரோ பெரிய மனுசர் போறாருங்க, கும்புடாம இருக்கலாமுங்களா?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ராசாத்தி அந்தப் படத்தின் கீழ்தான் வளர்ந்தாள். அதற்குத்தான் சூடம் காட்டினாள், அதனிடம்தான் பரீட்சைக்குப் போகுமுன் ஆசீர்வாதம் கேட்டாள். பள்ளிபாளையத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தேசபக்தி உள்ள குடும்பம். தியாகி மகள் என்று தேடி வந்தவர்கள். தாம்பூலம் மாற்றுமுன் தெய்வநாயகி எழுந்தார். "தியாகி மகள்னு கேக்கறீங்க. அவரு நூல் மூட்ட தூக்கிட்டு ஊட்டுக்கு வந்தவருங்க. கேட்டுட்டு அப்பறம் மாத்துங்க" என்றார். வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ராசாத்தி உள்ளிருந்து ஓடிவந்து எல்லார் எதிரிலும் கேட்டாள்: "ஏம்மா, எனக்கு ஒரு அப்பனாச்சும் இருந்துட்டுப் போகட்டும்னு உட மாட்டியா?"

மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள். கல்யாணம் நடந்தது. ஆனால் ராசாத்தி புருஷன் வீட்டுக்குப் போகும்போது அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். தாயிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன்பின் பேச்சும் இல்லை.

ஒரு பொய் ஒரு வீட்டுக்குள் புகுந்து செய்த காரியம் இது. இதோடு அம்மையார் மூலையில் முடங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்? அவர் முடங்கவில்லை. இந்த வாசகசாலையில் தினமும் சாயங்காலம் இரண்டு பத்திரிகைகளையும் அவர்தான் உரக்கப் படித்தார். ஒரே செய்தியை முதலில் இதில், பிறகு அதில். படித்து முடித்துவிட்டுக் கேட்பார்: "கண்ணால பாத்தவங்க ஆராச்சும் இருக்கீங்களா?" இருந்தால் எழுந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், "அப்ப தெரியாதுன்னு வெச்சுக்குவோம்" என்று அடுத்த செய்திக்குப் போவார். தெரியாது என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு உண்டு?

ஜில்லா போர்டுத் தேர்தல் சமயம் நினைவிருக்கிறதா? ஆற்றின் மேல்புறத்துக் கிராமம் ஒன்றில் காலரா என்று பேச்சு. 'நாட்டொலி' ஊரே அழிகிறது, போர்டுத் தலைவரே காரணம் என்றது. 'நல்லாட்சி' சாதாரண வயிற்றுப்போக்கு, எதிரிகளின் புரளி என்றது. நாம் என்ன செய்தோம்? அவரவர் பத்திரிகையை நம்பிக்கொண்டு சண்டை போட்டோம்! அம்மையார் வண்டி கட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போனார். திரும்பி வந்து இதே இடத்தில் நின்று சொன்னார்: "ஊரும் அழியல, பொரளியுமில்லீங்க. ரெண்டு ஊட்டுல பொணம் கெடக்குது, என் கண்ணால பாத்தேன். ஆத்துத் தண்ணியக் காய்ச்சாம ஆரும் குடிக்காதீங்க." நாம் காய்ச்சிக் குடித்தோம். இந்தக் கூட்டத்தில் இருக்கும் இளைஞர்களில் சிலர் உயிரோடு இருப்பது அதனால்தான்.

பிறகு காலம் மாறியது. சுதந்திரம் வந்தது. 'நாட்டொலி' சர்க்கார் பக்கமானது, 'நல்லாட்சி' எதிர்ப்பக்கம் போனது. போன வருஷம் நூல் கிடைக்காமல் நம் நெசவாளர்கள் ஊர்வலம் போனபோது தடியடி நடந்தது அல்லவா? அன்று சாயங்காலம் அம்மையார் இரண்டையும் படித்தார். விஷமிகள் கலவரம், போலீஸார் மிகுந்த பொறுமையுடன் நடந்துகொண்டனர் என்று 'நாட்டொலி' எழுதியிருந்தது. மாவீரர்களின் ரத்தம் என்று 'நல்லாட்சி' எழுதியிருந்தது. அம்மையார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பேர மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க, வாத்தியாரம்மா" என்றார். மேலே படிக்க முடியவில்லை; என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றுதான் படுக்கையில் விழுந்தார்.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்லாமல் விடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும்.

படுக்கையில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ண மூடினா அந்தப் படத்து மூஞ்சிதான் வருதுங்க. முறுக்கு மீச. எம் மடியில தல வெச்சு நூலு நனைஞ்சிருச்சான்னு அந்த மீசதான் கேக்குது. எம் புருசன் மூஞ்சி எங்கீங்க போச்சு?"

நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது வீரபாகு இல்லை. அவரோடு பழகியவர்களைக் கூட்டி வந்தேன். அவரோடு ஒரே கொட்டகையில் தறி நெய்த சென்னிமலை அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தார். "நல்லா நெனப்பிருக்குதுங்க. கண்ணு ரெண்டும் பெருசா இருக்கும், மேல பாத்தாப்புல. மீச இப்படி..." என்று விரலால் முறுக்கிக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. "இல்லீங்களே," என்றார். "அது படமில்லீங்களா?"

அவருக்கும் மறந்துவிட்டது! தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தவருக்கு! வந்த ஒவ்வொருவரும் படத்தைத்தான் சொன்னார்கள். வக்கீல் ஐயா, குற்றம் கண்ணில் இருக்கிறது என்றீர்கள். ஆமாம், கண்ணில்தான் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்?

சேதி கேட்டு ராசாத்தி பள்ளிபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தாள். தாயின் காலடியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பனைப் பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. எல்லாரும் தலை குனிந்து இருந்தபோது, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பூவாத்தாள் அக்கா உள்ளே வந்தார். இதோ, முன் வரிசையில் இருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர். வீரபாகு இறப்பதற்கு முந்தின வருஷம் அம்மை வார்த்து இரண்டு கண்ணும் போனவர்.

"என்னத்துக்கு எல்லாரும் ரோசன பண்றீங்க?" என்றார் பூவாத்தாள் அக்கா. "வீரபாகு மூஞ்சிதானே? நீள மூஞ்சி. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். அதுக்கு வெக்கப்பட்டுட்டுச் சிரிச்சா வாயப் பொத்திக்குவான். எடது காது மடிஞ்சாப்புல இருக்கும்."

அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, சகோதரர்களே! இந்த ஊரில் அதைப் பார்க்காத ஒரே ஆள் அவர்!

தெய்வநாயகி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆமாங்க்கா! பொத்திக்குவாரு! கல்யாணத்தன்னிக்கே பொத்திட்டுத்தான் சிரிச்சாரு!" என்றார். சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினார். வெகுநேரம் மூடிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

ராசாத்தி தேம்பினாள். "அந்தப் படத்த ஆத்துல உட்டர்றேம்மா" என்றாள்.

"வேண்டாஞ் சாமி" என்றார் தாய். "பாவம், அவரு ஆரோ என்னமோ. இத்தன வருசம் நம்ம ஊட்டுல இருந்துட்டாரு. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

அன்றிலிருந்து கடைசி வரை மகள் தாயை விட்டு நகரவில்லை. போன வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு, மகள் கையால் கஞ்சி குடித்துவிட்டு, தெய்வநாயகி அம்மையார் காலமானார்.

பெரியோர்களே! பத்திரிகையே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டையும் வாங்குங்கள், இரண்டையும் படியுங்கள், பார்த்தவரைக் கேளுங்கள் என்றுதான் சொன்னார். நாளைச் சாயங்காலம் இந்த வாசகசாலையில் இரண்டு பத்திரிகைகளும் உரக்கப் படிக்கப்படும். நான் படிப்பேன். எனக்குப் பிறகு ராசாத்தி படிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். பார்த்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். அது உங்கள் பொறுப்பு. அந்த வாக்கை இப்போது உங்களிடம் கேட்கிறேன். தருவீர்களா?

கடைசியாக நிருபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் ஒருவர் நேற்று வந்து அம்மையாரின் போட்டோ கேட்டீர்கள். இல்லை என்றோம். "பரவாயில்லை அம்மா, எங்களிடம் நல்ல சித்திரக்காரர் இருக்கிறார்" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்கு அந்த முறுக்கு மீசைதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், சகோதர சகோதரிகளே, இன்னும் நினைவிருக்கும்போதே. தெய்வநாயகி அம்மாள் கறுப்பு நிறம். குட்டை. நெற்றி சிறிது. முன்தலையில் நரை. வலது கன்னத்து எலும்பில் ஒரு மச்சம். படிக்கும்போது இடது கண்ணைச் சுருக்கிக்கொள்வார். கீழுதடு எப்போதும் வெடித்திருக்கும். அழகி என்று யாரும் சொன்னதில்லை. வானத்தைப் பார்த்து நின்றதும் இல்லை. பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அவர் முகம் இதுதான். நாளைக்கு வேறு முகம் ஒன்றை யாராவது கொண்டுவந்து காட்டினால், அது எத்தனை அழகாக இருந்தாலும், இவர் அவரில்லை என்று சொல்லுங்கள்.